வீட்டுக் கணினிக்குப் பேக்கப்: எதில் எடுத்து வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் தரைத்தள வீடு, ஒரு டெஸ்க்டாப், அதில் சுமார் 600 ஜிபி: குடும்பப் படங்கள், தங்கையின் கல்யாண வீடியோ, அப்பாவின் கடைக்கான டேலி கணக்கு, பத்திரம், பட்டா ஸ்கேன்கள், தாத்தா டைப் செய்து வைத்த பழைய கட்டுரைகள். இதையெல்லாம் டிவிடியில் எழுதுவதா, பென் டிரைவா, எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா, எது நீண்ட நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2010 வாக்கில் எழுதிய டிவிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்பதும் கேள்வியில் இருக்கிறது.

நேராகச் சொல்கிறேன். 2 டிபி அளவில் சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், வேறு வேறு கம்பெனியாக. ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று மதுரையில் தங்கை வீட்டில். தொலைந்தால் எங்கே போயும் திரும்பப் பெற முடியாத சின்னப் பகுதி ஒன்று இருக்கும், அதற்கு மட்டும் கூடுதலாகக் கிளவுட். எஸ்எஸ்டி, பென் டிரைவ், டிவிடி மூன்றும் உங்கள் வேலைக்கு வேண்டாம். காரணங்களைக் கீழே விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் காட்டும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

"எது நீண்ட நாள் உழைக்கும்" என்பதை விட, "இது கெட்டுப்போனால் எனக்கு எப்போது தெரியவரும்" என்று கேட்பது நல்லது. எல்லா சேமிப்புச் சாதனமும் ஒருநாள் போகும். போன அன்றோ அந்த மாதத்துக்குள்ளோ தெரிந்துவிட்டால் பெரிய விஷயமில்லை, புதிதாக ஒன்று வாங்கி மற்ற நகலிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். பீரோவுக்குள் நான்கு வருஷத்துக்கு முன்பே செத்துக் கிடந்து, அது நமக்குத் தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரிகிறது என்றால் எல்லாம் போச்சு. வீடுகளில் படங்கள் தொலைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது விதத்தில்தான். அதனால், வாரா வாரம் கையில் எடுத்து இணைத்துப் பார்க்கக்கூடிய சாதனம், நூறு வருஷம் வரும் என்று அட்டையில் அச்சிட்டு உள்ளே வைத்துப் பூட்டுகிற சாதனத்தை விட எவ்வளவோ மேல்.

ஹார்ட் டிஸ்க்கை நான் முதலில் வைப்பதற்கு விலை ஒரு காரணம். எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஹார்ட் டிஸ்க்காக வாங்கினால் இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கிடைக்கும், அதாவது ஒரு நகலுக்கான காசில் இரண்டு நகல். விலையை விட முக்கியமான காரணம் வேறு: ஹார்ட் டிஸ்க் பல நேரம் சொல்லிவிட்டுத்தான் சாகும். ஒரு ஃபோல்டர் திறக்க வழக்கத்துக்கு மேல் நேரமெடுக்கும், டிக் டிக் என்று சத்தம் வரும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் சில எண்கள் ஏறும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் பார்க்க வேண்டியவை இரண்டு வரி: இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், நிலுவையில் உள்ள செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னக் கட்டம்). இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏற ஆரம்பித்து, நீல நிறம் மஞ்சளாக மாறினால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம், கையோடு மாற்றிவிடுங்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போகிற டிஸ்க்கும் உண்டு, அதற்காகத்தான் இரண்டாவது. பேக்பிளேஸ் என்கிற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. 2024இல் வருஷத்துக்கு நூறில் ஒன்றரை என்ற விகிதத்தில் டிஸ்க்குகள் பழுதாகியிருக்கின்றன. அது ஏசி அறையில், சீரான மின்சாரத்தில், அசையாமல் இருக்கும் டிஸ்க்குகளின் கணக்கு. நம் வீட்டு மேஜையில் குழந்தை இழுத்துக் கீழே போடும் டிஸ்க்குக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தனித்தனி ஊரில் இருக்கும் இரண்டு டிஸ்க் ஒரே வாரத்தில் போவது மிக அரிது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வேறு வேறு கம்பெனி என்று சொன்னதற்குக் காரணம், ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் அவை ஒரே லாட்டில் வந்தவையாக இருக்கலாம், ஒரே குறை இரண்டிலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே வயதாகும்.

வாங்கும்போது சில விஷயங்கள். கையடக்கமான 2.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் தேவையில்லை, யூஎஸ்பியிலேயே ஓடும், உங்களுக்கு அது போதும். 3.5 இன்ச் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், 6 டிபிக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் அதற்குப் போகலாம். அளவு, இருக்கும் டேட்டாவைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய பதிப்புகளும் அதிலேயே தங்க வேண்டும் அல்லவா, அதனால்தான் 600 ஜிபிக்கு 2 டிபி சொன்னேன். கணினியில் போட்டதும் 1.8 டிபிதான் காட்டும்; கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024ஆல் போடுகிறது, யாரும் ஏமாற்றவில்லை. கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை, அதாவது கூரை ஓடுகளைப் போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி எழுதப்பட்டிருக்கும். ஓர் இடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், நிரம்பிய பிறகு எழுதும் வேகம் குறையும். பேக்கப்புக்கு இது ஒரு குறையே இல்லை, இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் அதே டிஸ்க்கை வீடியோ எடிட்டிங்குக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் கஷ்டப்படுவீர்கள். பேக்கப் டிஸ்க்குக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்பது என் கறாரான கருத்து. படம் பார்க்க டிவியில் செருகுவது, நண்பருக்கு ஃபைல் கொடுக்க எடுத்துப் போவது, எதற்கும் கூடாது.

இன்னொன்று, கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் போர்டிலேயே நேராகப் பற்றவைத்திருப்பார்கள். சாக்கெட் ஆடிப்போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்க வழியில்லை. கேபிளை இழுத்துப் பிடுங்காதீர்கள், டிஸ்க் ஓடும்போது அசைக்காதீர்கள்; உள்ளே படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது, ஓடும் டிஸ்க் கீழே விழுந்தால் பிழைப்பது கடினம். டெஸ்க்டாப்பில் முன்பக்க யூஎஸ்பியை விடப் பின்பக்கம், அதுவும் நீல நிற 3.0 போர்ட்டில் செருகுங்கள். 600 ஜிபி நகலெடுக்க 3.0இல் நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், பழைய 2.0 போர்ட்டில் அதே வேலைக்கு ஐந்து மணி நேரம் போகும். குட்டிக் குட்டி ஃபைலாக இருந்தால் இரண்டிலும் இன்னும் இழுக்கும்.

புது டிஸ்க் வந்ததும் நேராக டேட்டாவைப் போடாமல், 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதிப் பார்க்கிறது, 2 டிபிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். பிறவிக் கோளாறு இருந்தால் அப்போதே வெளியே வரும், கடையில் மாற்றிக்கொள்ளும் காலக்கெடுவுக்குள் தெரிந்துவிடும். ஃபார்மேட் வகை என்டிஎஃப்எஸ். பெட்டியிலிருந்து வரும்போது பல டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். அதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்பே குறித்து வைக்கும் ஏடு, கிடையாது; எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபோல்டர் அமைப்பே குழம்பிப்போகும் ஆபத்து அதிகம். யூபிஎஸ் இல்லாத வீடுகளில் இது நிஜமான பிரச்சினை. மேக்கும் விண்டோஸும் இரண்டும் இருக்கும் வீடாக இருந்தால் வேறு கதை, உங்களிடம் விண்டோஸ் மட்டும்தான்.

எஸ்எஸ்டி பற்றி. வேகம், சத்தமின்மை, கீழே விழுந்தாலும் தாங்குவது, எல்லாம் உண்மை, பயணம் செய்கிற போட்டோகிராபர் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் உள்ளே டேட்டா இருப்பது சின்னச் சின்ன செல்களில் சிறைப்பட்ட மின்னேற்றமாக, அது மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். ஜெடெக் என்கிற தர அமைப்பின் விதிப்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி ஒன்று எழுதி எழுதித் தன் ஆயுள் முழுவதும் தேய்ந்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் டேட்டாவைக் காக்க வேண்டும். 2015இல் இது தொடர்பான ஜெடெக் அட்டவணை ஒன்றிலிருந்து ஒரு மூலையைப் பிய்த்து எடுத்து, "எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்தால் சில நாளில் டேட்டா போய்விடும்" என்று செய்தி பரவியது, அது தவறான வாசிப்பு. அந்தக் கணக்கு, முழுக்கத் தேய்ந்துபோன டிரைவுக்கானது, புது டிரைவ் அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் மே மாதத்துச் சென்னையில் மூடிய அறையில் இருக்கும் பீரோவின் வெப்பம் 30 டிகிரியை விட எவ்வளவு மேலே என்று யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் எடுக்காமல் வைக்கப்போகிற நகலுக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதோடு, எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் போனால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. நேற்று ஓடியது இன்று கணினிக்கே தெரியாது, மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கை விடக் கடினம். கெட்டால் எப்போது தெரியும் என்ற கேள்வியில் அது தோற்கிற இடம் இதுதான்.

பென் டிரைவும் மெமரி கார்டும் அதே ஃபிளாஷ் தொழில்நுட்பத்தின் மலிவான முனை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஃபைல் கொண்டுபோக மட்டும். ஆன்லைனில் நம்ப முடியாத மலிவு விலைக்கு 2 டிபி, 16 டிபி பென் டிரைவ் என்று விற்பவை போலி. உள்ளே இருப்பது சில ஜிபிதான். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி நிரலை மாற்றியிருப்பார்கள், இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், ஆனால் ஃபைல் பெயர்கள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளால் சோதித்துப் பாருங்கள்.

டிவிடிக்கு ஓர் அருமையான குணம் உண்டு: ஒருமுறை எழுதியதை எந்த வைரஸும் மாற்ற முடியாது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு டிவிடி 4.7 ஜிபி, உங்கள் 600 ஜிபிக்கு 128 வட்டு வேண்டும். 25 ஜிபி ப்ளூ-ரே என்றாலும் 24. இதை ஒருமுறை செய்யலாம், மாதா மாதம் யாரும் செய்யப் போவதில்லை. சாதாரண டிவிடியில் டேட்டா இருப்பது ஒரு சாயப் படலத்தில், வெளிச்சமும் சூடும் ஈரப்பதமும் அந்தச் சாயத்துக்கு எதிரிகள், நம் ஊரில் மூன்றும் தாராளம். எம்-டிஸ்க் என்ற வகையில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலத்தில் பொறிக்கிறார்கள், உண்மையிலேயே நல்ல பொருள்தான், ஆயிரம் வருஷம் என்பது மட்டும் சூட்டிலும் ஈரத்திலும் வைத்து விரைவுபடுத்திய சோதனைகளிலிருந்து கணித்தது. பிரச்சினை வட்டில் இல்லை, அதைப் படிக்கிற டிரைவில். பானசோனிக் 2023 பிப்ரவரியில் பதிவு செய்யும் ப்ளூ-ரே வட்டுகள் தயாரிப்பதை நிறுத்தியது, சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. புது லேப்டாப்பில் வட்டுப் போடும் தட்டைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! இன்னும் இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் கையில் வட்டு இருக்கும், போட்டுப் பார்க்க ஏதும் இருக்காது.

நிறுவனங்கள் பயன்படுத்தும் டேப் பற்றி ஒரு வரி: எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டிபி போகும், முப்பது வருஷம் இருக்கும் என்கிறார்கள், ஆனால் டிரைவின் விலை லட்சங்களில். விட்டுவிடலாம். நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாக் கணினியும் பகிரும் டிஸ்க் பெட்டி, வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான்கைந்து பேர் நான்கைந்து கணினி வைத்திருக்கும் வீட்டுக்கு வசதி. ஆனால் அதில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதும் ரெய்டு என்பது டிஸ்க் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு, தவறுதலாக அழித்த ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துக் கொடுக்கும். இணையத்தில் திறந்து வைத்தால் அதற்கே தனி ஆபத்து உண்டு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற இந்த வகைப் பெட்டிகளை உலகம் முழுக்க யாரோ தொலைவிலிருந்தே ரீசெட் செய்து, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டார்கள்.

சரி, கிளவுட். இதைத் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். பத்திரம், பட்டா, சான்றிதழ் ஸ்கேன்கள், தாத்தாவின் கட்டுரைகள், டேலி பேக்கப் எல்லாம் சேர்த்தாலும் அதற்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். படங்களில் மனசுக்கு நெருக்கமானவற்றைத் தேர்ந்து 100 ஜிபிக்குள் கொண்டுவர முடிந்தால் மாதச் சந்தா ஒன்று போடலாம். முழு 600 ஜிபியையும் ஏற்ற நினைத்தால், அப்லோட் வேகம் 40 எம்பிபிஎஸ் இருக்கிற ஃபைபரில் நிற்காமல் ஓடினால் 33 மணி நேரம், செய்ய முடியாதது இல்லை, வருஷா வருஷம் பணம் கட்டத் தயாரா என்பதுதான் கேள்வி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

கிளவுடில் பலர் கவனிக்காத ஒன்று, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை அடிப்படையில் சிங்க் செய்கின்றன. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு போய்விடும். அப்பா ஜனவரியில் தெரியாமல் அழித்த ஃபோல்டரை ஏப்ரலில், கணக்கு முடிக்கிற நேரத்தில்தான் தேடுவார். அடுத்தது, கணக்கே கைவிட்டுப் போகும் ஆபத்து. இரண்டு வருஷம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் அழித்து வருகிறது. பழைய சிம் நம்பரில் ஓடிபி வரும்படி வைத்து, அந்த நம்பரை விட்டுவிட்டு, கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிக்கிற பெரியவர்கள் நிறைய. ரெகவரி கோடுகளை ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள்.

இப்போது உங்கள் வேளச்சேரி வீட்டுக்கு வருகிறேன், எனக்கு இந்தக் கேள்வியிலேயே முக்கியமாகப் பட்டது இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. கணினியும் அதன் பக்கத்தில் இருக்கும் பேக்கப்பும் ஒரே தண்ணீரில் நனைந்தால், அது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா எம்-டிஸ்க்கா என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் அர்த்தமே இல்லை. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க போட்டோகிராபர் பரப்பிய 3-2-1 விதி இன்றும் செல்லும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். இதில் நடுவில் இருக்கும் 'இரண்டு வகை'யை வீடுகளில் கொஞ்சம் தளர்த்தலாம், வேறு கம்பெனி டிஸ்க் போதும் என்பேன். கடைசி ஒன்றை மட்டும் தளர்த்தவே கூடாது. அடுத்த தெருவில் சித்தப்பா வீடு இருந்தால் அது வெளியிடம் ஆகாது, அங்கேயும் அதே தண்ணீர்தான் வரும். மதுரை சரியான இடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிதாக நிரப்பிய டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கே இருப்பதை எடுத்து வாருங்கள். நடுவில் இருக்கும் மாதங்களின் முக்கிய ஃபைல்கள் கிளவுடில் இருக்கும், இடைவெளி அப்படி அடைபடும்.

வீட்டில் இருக்கும் டிஸ்க்கைக் கணினி மேஜையில் வைக்காமல் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பரணில் வேண்டாம், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே வெயில் காலத்தில் அது கொதிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி இல்லை, காற்றழுத்தம் சமமாக ஒரு சின்னத் துளையும் வடிகட்டியும் இருக்கும், அதனால் ஈரப்பதம் அதற்கும் பிரச்சினைதான். ஏசி அறையில் இருந்த டிஸ்க்கை வெளியே எடுத்த கையோடு ஓட்ட வேண்டாம், அரை மணி நேரம் விட்டுப் பிறகு செருகுங்கள், உள்ளே வேர்த்திருக்கக்கூடும்.

டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பதும் தவறு. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் கணினியில் தெரிகிற எல்லா டிரைவையும் பூட்டும், பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துத்தான். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு நிஜமாக வந்து சேர்வது ஸ்டாப் (STOP) என்கிற குடும்பத்தைச் சேர்ந்தவை, கிராக் செய்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருபவை. அதனால் வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கைச் செருகி, பேக்கப் ஓடி முடிந்ததும், 'பாதுகாப்பாக நீக்கு' கொடுத்துக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். விண்டோஸில் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி போதுமானது, மாறிய ஃபைல்களின் பழைய பதிப்புகளையும் தேதி வாரியாக வைத்திருக்கும். எந்தெந்த ஃபோல்டர்களை எடுக்கிறது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள், டேலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும். டேலி திறந்திருக்கும்போது அந்த ஃபோல்டரை நகலெடுத்தால் பாதி எழுதிய கணக்கு வந்துவிடலாம். அதிலேயே டேட்டா மெனுவில் இருக்கும் பேக்கப்பைப் பயன்படுத்தி, கிடைக்கும் ஃபைலை வையுங்கள், கடை மூடும்போது அப்பாவே செய்யும் பழக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. மிரர் என்ற பெயரில் இருக்கும் நகல் முறைகளைத் தொட வேண்டாம். மூலத்தில் இல்லாததை அது பேக்கப்பிலும் அழித்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து படம், ஒரு நீள வீடியோ, ஒரு டேலி பேக்கப், இவற்றைத் திறந்து பார்ப்பது. வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபைலின் பெயர் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

மதுரைக்குப் போகும் டிஸ்க்கில் பூட்டுப் போடுவதா? என் யோசனை: ஆதார், பான், பத்திர ஸ்கேன்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் வெராகிரிப்ட் போன்ற பூட்டும் மென்பொருளால் பூட்டுங்கள், படங்களைத் திறந்தே விடுங்கள். முழு டிஸ்க்கையும் பூட்டிவிட்டால் நமக்கு ஒன்று ஆகிவிட்ட பிறகு வீட்டில் யாராலும் திறக்க முடியாது, அந்தப் படங்கள் அவர்களுக்காகத்தானே. சில கம்பெனி டிஸ்க்குகளோடு வரும் பாஸ்வேர்டு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டாம், டிஸ்க்கின் போர்டு பழுதானால் உள்ளே இருப்பதை வேறு எதிலும் திறக்க முடியாமல் போகும்.

தாத்தாவின் கட்டுரைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் மட்டும் வருகிற பிரச்சினை இது. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியச் செய்யும் யூனிகோடுக்கு முன்னால் டைப் செய்தவை பாமினி, வானவில் அல்லது டாப், டாம் எழுத்துருவில் இருக்கும். ஃபைலுக்குள் இருப்பவை வேறு குறிகள், அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஃபைலை மட்டும் பத்திரமாக வைத்து, எழுத்துருவைப் பழைய கணினியோடு தூக்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ. எழுத்துரு ஃபைல்களையும் அதே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அந்தக் கணினி ஓடும்போதே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக மாற்றி ஒரு நகலும், மாற்றி மென்பொருளால் யூனிகோடாக்கி இன்னொரு நகலும் எடுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது ஏதாவது இருந்தால் அதுதான் முதலில். இதைத் தள்ளிப்போடாதீர்கள், தாத்தாவின் எழுத்தை வேறு எங்கேயும் வாங்க முடியாது.

கடைசியாகப் பெட்டியில் இருக்கும் டிவிடிகள். இந்த மாதமே ஆரம்பித்துவிடுங்கள், இனி அவை நன்றாகப் போவதில்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் மலிவாகவே கிடைக்கிறது. வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் நீளத்துக்கே விழுந்து படிக்க முடியாமல் போகும். சிடிகள் இருந்தால் மேல்பக்கத்தைக் கவனியுங்கள், சிடியில் டேட்டா படலம் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது, ஸ்டிக்கரை உரித்தால் டேட்டாவும் சேர்ந்து வரும். பாதியில் நின்றுபோகும் வட்டை மறுபடி மறுபடி போட்டு முயலாமல் தனியே எடுத்து வைத்து, வேறு கம்பெனி டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். லினக்ஸ் தெரிந்தவர் யாராவது இருந்தால் டிடிரெஸ்க்யூ கருவியால், படிக்க முடிகிற பகுதியை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு முயலலாம், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கல்யாண டிவிடியின் விஓபி (VOB) வீடியோ ஃபைல்களை அப்படியே வையுங்கள், விஎல்சி பிளேயரில் ஓடும். மொபைலுக்காகச் சின்னதாக மாற்றினாலும் மூலத்தை அழிக்க வேண்டாம். கேம்கார்டரிலோ வீட்டு ரெக்கார்டரிலோ பதிவு செய்த வட்டு கணினியில் காலியாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், அது ஃபைனலைஸ் செய்யாத, அதாவது மற்றச் சாதனங்களும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காத, வட்டாக இருக்கலாம். பழைய ரெக்கார்டர் இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஐசோபஸ்டர் மென்பொருள் அதைப் படிக்கும்.